ரோசம்மா ஊட்டு டிவிக்குக் கண்ணு பட்ட கதை

மணவாள நகர்ல தண்ணி டேங்குக்குப் பின்னால ஒரு லைன் ஊடு இருக்குது. அந்த லைன்ல செண்பகத்துக்கு இன்னா மரியாதைன்னு தெரியணும்னா, ஞாயித்துக்கெழமை மத்தியானம் போய்ப் பார்த்திருக்கணும். கறிக்கொழம்பு சாப்ட்ட கையைக் கழுவுனதும், ஜனம் பாயைச் சுருட்டி அக்குள்ல வெச்சுக்கினு அவ ஊட்டுக்கு வந்துரும், டிவியில படம் பார்க்க. பொம்பளைங்க உள்ள, ஆம்பளைங்க வாசப்படியில, புருசன் வரதன் மட்டும் கட்டில்ல ராசா மாதிரி. யாருக்கு எங்க எடம்னு செண்பகம்தான் சொல்லுவா. எவளாவது கசமுசன்னு பேசினா, "ஏய், படம் பார்க்க வந்தியா, பஞ்சாயத்துக்கு வந்தியா?"ன்னு ஒரு அதட்டு. எதுத்துப் பேச ஆளு கெடையாது.

அது இருவத்தொம்போது இஞ்சு டப்பா டிவி. எறக்கி வெக்கவே நாலு ஆம்பளைங்க தேவைப்பட்டுச்சு. கவர்மெண்டு ஊட்டுக்கு ஊடு கலர் டிவி ஓசியா குடுத்துச்சே, அப்பக்கூட செண்பகம் அசரல. "அது இன்னா டிவி, மூஞ்சி பார்க்கற கண்ணாடி கணக்கா"ன்னுட்டா. ஜனமும் கவர்மெண்டு டிவியை சீரியலுக்கு வெச்சுக்கினு, படத்துக்கு இவ ஊட்டுக்கே வந்துது. வாரம் பூரா கம்பெனியில பேக்கிங் லைன்ல நின்னுக்கினு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கறவ, ஞாயித்துக்கெழமை ஆனா மகாராணி. அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் மத்த நாளெல்லாம் அவ நிக்கறதே.

ரெண்டாயிரத்தி எட்டு கிறிஸ்மசுக்கு அதுல மண்ணு வுழுந்துது.

பக்கத்து ஊடு ரோசம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ்சு, பஸ்சுல ஒரே சீட்டு. ரோசம்மா புருசன் தானியேல் போய்ச் சேர்ந்தப்ப அந்த ஊட்டுக்கு சோறாக்கிப் போட்டதே செண்பகம்தான். ரோசம்மா மேல அவளுக்குப் பாசம் இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிப் பூடும். ஆனா பாசம் வேற, பக்கத்து ஊட்டுக்குப் பெரிய டிவி வர்றது வேற. ஷார்ஜாவுல இருக்கற ரோசம்மா புள்ள எட்வர்ட் லீவுக்கு வந்தான். வந்தவன் செவுத்துல மாட்டற மாதிரி ஒரு எல்சிடி டிவியை வாங்கி மாட்டிட்டுத் திரும்பப் பிளேன் ஏறிட்டான். காலண்டர் மாதிரி மெலிசு, கதவு மாதிரி அகலம்.

அடுத்த ஞாயிறு செண்பகம் ஊட்டுக்கு வந்தது கோடி ஊட்டு சாராள் ஒருத்திதான். அவளும் மொத விளம்பரத்துலயே, "அடுப்புல பால் வெச்சேன்க்கா"ன்னு எழுந்து போனா. போனவ போனவதான். அந்தப் பாலு ரோசம்மா ஊட்ல பொங்குச்சு போல.

அதையாவது பொறுத்துக்கலாம். அதுக்கடுத்த வாரம் வரதன் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு, "பீடி வாங்கியாறேன்"னு கெளம்பினான். பீடிக்கட்டு கட்டில் மேலயே கெடக்குது! செண்பகம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, ரோசம்மா ஊட்டு பிளாஸ்டிக் சேர்ல புருசன் கால் மேல கால் போட்டுக்கினு ஒக்காந்திருக்கான். அவளுக்கு அழுகையே வந்துடுச்சு. வேற ஒருத்தி பின்னால போயிருந்தா முடியைப் புடிச்சு இழுத்துக்கினு வந்திருப்பா. டிவி பின்னால போனவனை இன்னா பண்றது?

"இன்னாய்யா, நம்ம டிவி கசக்குதா?"ன்னு அவன் வந்ததும் கேட்டா.

"அது வேற மாதிரி கீதுடி. மூஞ்சில மச்சம்கூட தெரியுது."

"மச்சம் எண்ணத்தான் போனியா?"

வரதன் பீடியைப் பத்த வெச்சுக்கினு வெளிய போயிட்டான்.

செண்பகம் வீம்பா கொஞ்ச நாள் தனியாவே படம் பார்த்தா. அப்புறம் ரோசம்மாவே வந்து கையைப் புடிச்சு இழுத்தா. "நீ இல்லாம எனக்கு இன்னா படம்? வா செண்பகம்." அந்த நல்ல மனசுதான் செண்பகத்துக்கு இன்னும் எரிஞ்சுது. போய் ஒக்காந்தா. ரிமோட்டை பிளாஸ்டிக் கவர் போட்டு மடியில வெச்சிருந்தா ரோசம்மா. சேனல் மாத்தறது, சத்தம் கூட்டறது தவிர வேற பட்டனைத் தொட மாட்டா, யாரையும் தொட வுட மாட்டா. புள்ள எப்படி வெச்சுட்டுப் போனானோ அப்படியே இருக்கணுமாம்.

அன்னிக்கு ஒரு பழைய படம். அதுல அம்மா சாகற கட்டம் வரும். அந்தக் கட்டம் வந்தாலே செண்பகம் முந்தானையை எடுத்து ரெடியா வெச்சுக்குவா. அன்னிக்குப் பார்த்தா கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல! எல்லாம் வழவழன்னு வழுக்கிக்கினு போவுது. சாகப் போற அம்மா, பந்தியில ஒக்காந்து வீடியோக்காரன் லைட்டுக்குக் கூசற சித்தி மாதிரி இருக்கா. அழுதுக்கினு ஓடி வர்ற ஹீரோ, தாம்பூலப் பை தூக்கிக்கினு ஓடற மாப்ள தோழன் மாதிரி இருக்கான்.

"ஏ ரோசம்மா, இன்னா இது? சினிமா மாதிரியே இல்ல, கல்யாண கேசட்டு மாதிரி கீது!"

கூடமே திரும்பிப் பார்த்துது. "வயித்தெரிச்சலுக்கு மோர் நல்லதுக்கா, போய்க் குடி"ன்னா சாராள். அத்தினி பேரும் சிரிச்சாங்க. வரதனும் சிரிச்சான். அதை இந்த ஜென்மத்துல செண்பகம் மறக்க மாட்டா.

ஆனா ஊட்டுக்கு வந்ததும் அவளுக்கே சந்தேகம். பொறாமையில நம்ம கண்ணுதான் கெட்டுப் போச்சோ? சனிக்கெழமை கம்பெனி பஸ்சுல இருந்து திருவள்ளூர் பஜார்லயே எறங்கி, ஒரு டிவி கடைக்குள்ள பூந்துட்டா. அங்க ஃபயாஸ்னு ஒரு சேல்ஸ்மேன். ரோசம்மா ஊட்ல இருக்கற அதே டிவி செவுத்துல ஓடிக்கினு இருந்துது. அதே வழவழப்பு!

"தம்பி, இது ஏன் கல்யாண கேசட்டு மாதிரி கீது?"

ஃபயாஸ் சிரிச்சுட்டான். "நல்லா கேட்டக்கா. சினிமாவுல படம் கொஞ்சம் வுட்டு வுட்டுத்தான் வரும். இந்த டிவி நடுவுல இல்லாத படத்தைத் தானா வரைஞ்சு ரொப்பிடுது. கிரிக்கெட்டுக்குப் புடிக்கும். சினிமாவுக்கு இது வாணாம், ஆஃப் பண்ணிடணும். கடையில கண்ணைப் பறிக்கட்டும்னு வெச்சிருக்கோம், வாங்கினவங்க அப்படியே வுட்டுடறாங்க." மெனு, பிக்சர், கடைசி வரைக்கும் கீழ, மோஷன், ஆஃப். ரெண்டு வாட்டி செஞ்சு காட்டினான். டிவி சட்டுனு சினிமா ஆயிடுச்சு.

செண்பகத்துக்குத் தலைகால் புரியல. நம்ம கண்ணு கெடலடா சாமி! இப்பவே போய் சாராள் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லணும்னு வேகமா வந்தவ, வாசல்ல நின்னுட்டா. சொல்லிட்டா? அந்த டிவி சரியாயிடும். கதவு அகலம், மச்சமும் தெரியும், சினிமாவும் சினிமாவா இருக்கும். அப்புறம் எவன் இந்த டப்பாவைத் தேடி வருவான்? வாயை இறுக்க மூடிக்கினா.

மூடுனதுக்குப் பலனும் கெடைச்சுது. புது மோகம் தீர்ந்ததும் ரோசம்மா ஊட்ல ஜனம் கொட்டாவி வுட ஆரம்பிச்சுது. "இன்னான்னு தெரியல, அங்க பார்த்தா படம் மனசுல ஒட்டலக்கா"ன்னு ஒவ்வொருத்தியா பாயைச் சுருட்டிக்கினு இங்க வந்தாங்க. சாராளே வந்தா. ஒரு நாள் வரதன் பழையபடி கட்டில்ல சாஞ்சு, "நம்ம டிவி நம்ம டிவிதான்"ன்னான். செண்பகம் அவனுக்கு மொளகா பஜ்ஜி போட்டுக் குடுத்தா. மனசுக்குள்ள ஒரு மூலையில, பக்கத்து ஊட்ல ரோசம்மா ஒண்டியா ஒக்காந்திருப்பாளேன்னு ஒரு உறுத்தல். ஒக்காரட்டும், நான் ஒக்காரலையான்னு அதையும் அமுக்கிட்டா.

ரோசம்மா இன்னா பண்ணுவா பாவம். ஜெபம் பண்ண எண்ணெயை டிவி ஓரத்துல தடவினா. ஜனம் வரல. சாராள் பேச்சைக் கேட்டு எலுமிச்சம்பழமும் மொளகாயும் கோத்துக் கட்டினா. அப்பவும் வரல. கடைசியில ஒரு ஞாயிறு, பூசணிக்காயை டிவிக்கு மூணு சுத்து சுத்தி எடுத்துக்கினு வந்து, நேரா செண்பகம் வாசல்ல போட்டு ஒடைச்சா.

"எம்புள்ள வெயில்ல காஞ்சு கருவாடாகி வாங்கிக் குடுத்த பொருளு! கண்ணு வெச்சவ நல்லாருப்பாளா?"

படம் பார்த்துக்கினு இருந்த ஜனம் மொத்தமும் வெளிய வந்துடுச்சு. செண்பகம் வாசப்படிக்கு வந்து நின்னா. "யாரைடி சொல்ற?"

"யாரைன்னு அவளுக்கே தெரியும்."

செண்பகம் கம்முனு இருந்திருந்தா ஞாயித்துக்கெழமை ஆயுசுக்கும் அவளுக்குத்தான். ஆனா நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? சோறு போட்ட கையைப் பார்த்துக் கொள்ளிக்கண்ணுன்னு சொல்றாளே! பூசணிக்காயைத் தாண்டி விறுவிறுன்னு ரோசம்மா ஊட்டுக்குள்ள போனா. ஜனம் பின்னாலயே ஓடுச்சு. ரிமோட்டை கவர்ல இருந்து உருவினா. மெனு. பிக்சர். கீழ, கீழ, கீழ. மோஷன். ஆஃப்.

செண்பகம் ஊட்ல ஓடுன அதே சேனல்தான் அங்கயும் ஓடிக்கினு இருந்துது. ஒரே நிமிசத்துல வீடியோக்காரன் காணாம பூட்டான், கல்யாணக் கூட்டம் காணாம பூடுச்சு. சினிமா வந்துடுச்சு. வரதன் மெதுவா அந்த பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்தான்.

"பார்த்துக்குங்க! கண்ணும் இல்ல, காதும் இல்ல. மோஷன்னு ஒரு கருமம். அதை அணைச்சேன், அவ்ளோதான்!"ன்னு செண்பகம் நெஞ்சை நிமித்திக்கினு நின்னா. இப்பவாவது ஒருத்தி, நீ அன்னிக்கே சொன்னியேக்கான்னு சொல்லணுமே.

சாராள்தான் வாயைத் தொறந்தா. "நான் சொல்லல? வெச்சவங்களே வந்து தொட்டு எடுத்தாத்தான் போவும்னு!"

"ஆமாமா, கைப்பட்டதும் போயிடுச்சு பாரேன்"னு ஆளாளுக்கு ஒத்து ஊதுனாங்க. மோஷன், மோஷன்னு செண்பகம் கத்துனது ஒரு காதுலயும் ஏறல. அவளாலயும் அதுக்கு மேல கத்த முடியல. தெரிஞ்சும் இத்தினி நாள் மூடி வெச்சுக்கினு இருந்ததை எந்த மூஞ்சியை வெச்சுக்கினு சொல்றது?

அடுத்த ஞாயிறு அவ ஊட்ல ஒரு பாயும் விரியல. வரதன் பீடின்னுகூட சாக்கு சொல்லல. அங்கயிருந்தே கூப்புட்டான்: "செண்பகம், சீக்கிரம் வா, ரோசம்மா ஒனக்கு எடம் புடிச்சு வெச்சுக்கினு கீது!" அவ டப்பா டிவியை அணைச்சுட்டுப் போனா. ரோசம்மா நகர்ந்து பக்கத்துலயே ஒக்கார வெச்சுக்கினா. நல்ல படம், படம் படமாவே தெரிஞ்சுது. சோகக் கட்டம் வந்ததும் செண்பகத்துக்குக் கண்ணுல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. படத்துக்கு அழுதாளோ, தன் ஞாயித்துக்கெழமைக்கு அழுதாளோ, அது அவளுக்கே தெரியல.

ரோசம்மா அவ முதுகைத் தடவிக் குடுத்தா. "அழாத செண்பகம். நீ கண்ணு வெச்சதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அந்த ரிமோட்டைப் புடுங்கி, அந்தக் கருமத்தைத் திரும்ப ஆன் பண்ணிடலாமான்னு இருந்துது செண்பகத்துக்கு. ரிமோட்டு பழையபடி பிளாஸ்டிக் கவருக்குள்ள, ரோசம்மா மடியில இருந்துது.