ஆசிட் தொட்டிக்கு எத்தனை பக்கம்?

ஆசிட் தொட்டிக்கு உள்ளே ரப்பர் ஒட்டுகிற தொழிலில், ஒட்டுகிறவரைவிட அளவு எடுத்துக் கொடுக்கிறவருக்குத்தான் பயம் அதிகம்.

விம்கோ நகர் பக்கம் ஒரு ஷெட்டில் அந்த அளவெடுக்கும் ஆள் நான். தொட்டியின் நீள, அகல, உயரம் பார்த்து, அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்த மாதிரி எல்லாப் பக்கங்களையும் ஒரே தாளில் வரைவேன். பள்ளிப் புத்தகத்தில் இதற்கு வலை என்று பெயர். வலையிலுள்ள கட்டங்களின் பரப்பையெல்லாம் கூட்டினால் மொத்தப் பரப்பு வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ரப்பர் வெட்டுவார்கள். ஒரு கட்டம் விட்டுப்போனால் அந்த இடத்தில் இரும்பு வெறுமையாக நிற்கும், ஆசிட் அதைத் தின்னும். டேப்பும் பென்சிலும் வைத்துப் பிழைக்கிற என்னைப் போன்ற பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மூடி

வேலையில் சேர்ந்த முதல் மாதம். மூடி போட்ட செவ்வகத் தொட்டி ஒன்றுக்கு வலை வரைந்தேன். அடிப்பக்கம் ஒன்று, சுற்றுச் சுவர் நான்கு, ஆக ஐந்து கட்டம். ஆசிட் முக்கால் உயரத்துக்குத்தான் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். தொடாத இடத்துக்கு எதற்கு ரப்பர் என்று மூடியை நானாகவே விட்டுவிட்டேன். அப்படி விட்டதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

எங்கள் ஃபோர்மேன் தணிகாசலம் அண்ணன் எம்.கே.பி. நகர்க்காரர். படத்தை வாங்கிப் பார்த்தவர் என்னை வெளியே கூட்டிப்போய், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பழைய மூடியைக் காலால் புரட்டிப் போட்டார். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம் அப்பளம்போலப் பொரிந்துபோய், விரலை வைத்து அழுத்தினால் உதிர்ந்தது. அந்த மாதிரி மூடிமேல்தான் ஆட்கள் ஏறி நின்று வால்வு திருப்புவார்கள். அண்ணன் சொன்னார்: "ஆசிட்டு தொட்னும்னு இல்லமா. அது மூச்சு வுட்டாலே மூடி காலி. ஆறாவது கட்டத்தப் போடு."

கீச்சுச் சத்தம்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. பூமிக்குள் பதித்த நீளமான தொட்டி, கவிழ்த்துப்போட்ட கூடாரம் மாதிரி, கீழே கூர், மேலே அகலம். முக்கோணப் பட்டகம். முன்னும் பின்னும் இரண்டு முக்கோணம், சரிந்த பக்கம் இரண்டு, மேல்தட்டு ஒன்று. மேல்தட்டிலுள்ள வட்ட ஓட்டை வழியாகத்தான் இறங்க வேண்டும். பழைய படம் யாரிடமும் இல்லாததால் நானே உள்ளே போய் அளக்க வேண்டியதாயிற்று.

இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே தணிகாசலம் அண்ணன் கையில். கழுத்தில் ஒரு சின்னக் கருவி தொங்கியது. காற்றில் விஷவாயு ஏறினால் அது கீச்சிடும். கீழே சமதரை என்று ஒன்று இல்லை, கூரில் இரண்டு பாதமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. அண்ணன் மேலிருந்து, "செலினு, கீறியா?" என்பார். நான், "இருக்கேண்ணா" என்பேன். என் குரல் வேறு யாரோ பேசுவதுபோலச் சுவரில் முட்டித் திரும்பி வரும். சரிவுப் பக்கத்தை அளந்துகொண்டிருந்தபோது கருவி கீச்சென்று கத்தியது. டேப்பை அப்படியே விட்டுவிட்டு ஏணியைப் பிடித்தேன். அண்ணன் இழுத்த இழுப்பில் கயிறு இடுப்பை அறுத்துவிட்டது. வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினேன்.

அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி கருவியை வாங்கிப் பார்த்தார். வாயு எதுவும் இல்லை, பேட்டரிதான் தீர்ந்திருந்தது. எனக்கு அவமானமாகப் போயிற்று. "சாரி சார், வீணா ஓடி வந்துட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எதுக்குக் கத்துதுன்னு உள்ள நின்னு யோசிச்சவங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும்மா. நீங்க இதே மாதிரி ஓடி வாங்க."

படகுக்காரரின் சந்தேகம்

எங்கள் தெரு ராயபுரம் கோவிலுக்குப் பின்னால். அங்கே ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களில் அருளப்பன் மாமாவுக்கு ஒரு விசைப்படகு உண்டு. அதில் மீனும் ஐஸும் வைக்கிற அறைக்கு உள்தகடு மாற்ற வேண்டும், அளவு மட்டும் எடுத்துக் கொடு என்றார். படகின் வளைவுக்கு ஏற்ப அறையின் ஒரு சுவர் சாய்வு. அதனால் இரண்டு பக்கச் சுவரும் சரிவகம். படகு ஆடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்தேன், மூன்றும் மூன்று விதமாக வந்தன. இப்படி எடுத்த அளவில் ஒரு மூலை பிரிந்து ஐஸ் உருகிய தண்ணீர் படகுக்குள் இறங்கினால், நடுக்கடலில் பத்து பேர் என்ன செய்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

தளத்திலேயே சாக்பீஸால் வரைந்து, "இதுதான் மாமா உங்க அறையோட வலை" என்று காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்க வலைல ஓட்ட வுழுந்தா மீனு தப்பிச்சிகும். உன் வலைல ஓட்ட வுழுந்தா நாங்க தப்பிப்பமா?"

விளிம்பு



மேலே திறந்த தொட்டி. மூன்று மீட்டர் நீளம், இரண்டு அகலம், ஒன்றரை உயரம். நடுவில் குறுக்கே ஒரு தடுப்புத் தகடு. அடி ஆறு, நீளச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து ஒன்பது, அகலச் சுவர்கள் ஆறு, தடுப்பின் இரு முகங்களுக்கு இன்னொரு ஆறு. மொத்தம் இருபத்தேழு சதுர மீட்டர். தடுப்புக்கு இரண்டு முகம் என்பதை மறக்கவில்லை என்று எனக்கு ஒரே நிம்மதி. ஒட்டி முடித்து, தொழிற்சாலைக்காரர்கள் மின்பொறி வைத்துப் பரிசோதித்தும் ஆயிற்று. ரப்பரில் ஊசித்துளை இருந்தால் அந்த இடத்தில் நீலமாகப் பொறி பறக்கும். எங்கும் பறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆசிட் நிரப்புவதாக ஏற்பாடு.

அன்று காலை ஏழு மணிக்கு, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் சமையலறை அலமாரியின் நடுத்தடுப்புக்கு மைக்கா ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "சே, ஓரத்துல ஒட்டுற பட்டி வாங்க மறந்துட்டேன்" என்றார். தடுப்பின் விளிம்பில் பிளைவுட் வெறுமையாகத் தெரிந்தது. எனக்குத் தொட்டியின் தடுப்பு நினைவுக்கு வந்தது. தகட்டுக்கும் தடிமன் உண்டு. மேல்விளிம்பு இரண்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம். மொத்தமாகச் சேர்த்தால் மடித்த கைக்குட்டை அளவு. அதை நான் வரையவே இல்லை.

தணிகாசலம் அண்ணனுக்குப் போன் அடித்தேன். நிரப்புவதைப் பார்க்க அவர் முன்னதாகவே போய்விட்டிருந்தார். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். திருவொற்றியூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. இறங்கி ஓடினேன், மறுபடி ஒரு ஆட்டோ பிடித்தேன். விளிம்பில் தெறிக்கிற ஆசிட் ரப்பருக்கு அடியில் புகுந்தால் வெளியில் எதுவும் தெரியாது. தடுப்பு உள்ளுக்குள்ளேயே கரைந்து, அடித்தகடும் கரைந்து, ஒருநாள் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் காலடியில் கொட்டும். கேட்டை அடைந்தபோது ஆசிட் டேங்கர் எடைமேடையில் நின்றது. காவலாளியிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, "ஊத்தாதீங்க" என்பது மட்டும் பலமுறை வந்ததாம்.

டேங்கரை ஓரங்கட்டினார்கள். இன்ஜினியர் டார்ச்சுடன் வந்தார். தடுப்பின் மேல்விளிம்பில் ஒரு முனை முதல் மறுமுனை வரை வெறும் இரும்பு. பரிசோதனையின்போது எப்படி விட்டுப்போனது என்று தணிகாசலம் அண்ணன் கேட்டார். இன்ஜினியர் சட்டைப்பையிலிருந்து என் படத்தை எடுத்துப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் டிக். "உங்க படத்த வச்சுத்தான் ஒண்ணொண்ணா சோதிச்சேன். படத்துலயே இல்லாத பக்கத்த நான் எங்க போய்த் தேடுறது?"

நிரப்பிய அன்று

விளிம்புக்கு ரப்பர் பட்டி ஒட்டி, அது இறுகச் சூடேற்றிப் பக்குவம் செய்து, மறுபடி பொறி வைத்துப் பார்த்து, சில நாள் கழித்து நிரப்பினார்கள். நான் போக வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் போனேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம். குழாயில் சலசலவென்று சத்தம். புகை மாதிரி ஏதோ எழும்பியது. தொட்டியின் அடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பக்கத்தில் தணிகாசலம் அண்ணன் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபமோ என்று நினைத்தேன். "செலினு, பக்கத்தயெல்லாம் எண்ணிட்டியா?" என்றார் தாழ்ந்த குரலில். "ஏழு தடவைண்ணா" என்றேன். அவர் தொட்டியைவிட்டுப் பார்வையைத் திருப்பாமல் சொன்னார்: "நான் எட்டு. வா, ரெண்டு பேருமா இன்னோர் தபா எண்லாம்."

பள்ளிக்கூடத்தில் இதே கணக்கில் ஒரு பக்கத்தை விட்டால் ஒரே ஒரு மதிப்பெண்தான் குறைத்தார்கள் என்பதை இப்போது நினைத்தால், அந்த டீச்சருக்கு எவ்வளவு துணிச்சல் என்று பயமாக இருக்கிறது.