மரத்தடியில் ஏற்றிய சூடம்

நான் ஹட்டனில் ஆசிரியை. பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். மலை எனக்குப் புதிதா என்ற நினைப்போடுதான் ஒரு குழுவோடு மூன்று நாள் மலைநடைக்குக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள், தேயிலையின் பச்சை முடிந்து செம்மஞ்சள் புல்மலை தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய மரத்தடியில் குங்குமம் பூசிய கல் இருந்தது. காட்டுக்குள் நுழையும் முன் சூடம் ஏற்றுவது எங்கள் வழக்கம். வழிகாட்டி செல்வம் அண்ணன் பின்தங்கியவர்களுக்காக நின்றிருந்தார். நான் முந்திப் போய் ஏற்றினேன். புகை நேராக மேலே போனது.

“மிஸ், அணைங்க! மேல குளவிக்கூடு!” என்று அண்ணன் கத்தினார்.

அதற்குள் தலைக்கு மேல் இரைச்சல். அவர் பாய்ந்து வந்து என்னைத் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளி, மழைக்கு வைத்திருந்த படங்குத் துணியை என்மேல் போர்த்தினார்.

“கைய வீசாதீங்க. மூச்சுக் காட்டாதீங்க.”

படங்கின் மேல் குளவிகள் வந்து வந்து மோதின. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறந்த ஓர் அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

இரைச்சல் அடங்கியதும் எழுந்து பார்த்தேன். அண்ணனின் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. வழிகாட்ட வந்தவரை நாங்கள் கைபிடித்துக் கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

“சாமி ஒன்னும் நெனைக்காது மிஸ். மொதல்ல மேல பாத்துட்டுக் கும்பிடுங்க” என்றார்.

இப்போது எந்த மரத்தடியில் நின்றாலும் முதலில் அண்ணாந்து கிளைகளைப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.