கிளெனிஸ் இழுக்கும் ஹேண்ட் பிரேக்

டெஸ்மண்ட் பார்ஜிட்டரை அவர் மனைவி கிளெனிஸ் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஈஸ்டருக்கு முன்னால். அதற்குப் பிறகு மறதி நோயில் அவர் அவளுக்கு யாரோ ஒரு ஆள். மால்வர்ன் குன்றடியில் அவள் இருக்கும் முதியோர் இல்லத்துக்குத் தினமும் போவார். எதிரில் உட்காருவார். உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று அவள் மரியாதையாகக் கேட்பாள். இவர் உடைந்து அழுவார் என்று தெருவே காத்திருந்தது. அழுகை வரவில்லை. பல் டாக்டர் போட்ட ஊசியின் வீரியம் இறங்காமலே நின்றுவிட்டது போல உள்ளே மரத்துக் கிடந்தது.

ஒரே ஒரு நப்பாசை மிச்சமிருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் காரேஜில் நின்றது. அதில் ஏற்றிக் குன்றுப்பாதையில் கூட்டிப்போனால் அவளுக்குத் தன்னைத் தெரிந்துவிடும் என்று நம்பினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அசட்டுத்தனம் என்பார்கள், அது அசட்டுத்தனம்தான்.

அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் ஒரு தலைகீழ்ப் பிறவி. மற்ற வண்டிகளில் லீவரை இழுத்தால் தானே நிற்கும், பொத்தானை அழுத்தினால் விடும். இதில் இழுத்துப் பிடித்துக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் நிற்கும். மறுபடி இழுத்தால் சட்டென்று விட்டுவிடும். டெஸ்மண்டின் இடது மணிக்கட்டு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியது. அதனால் மேட்டில் வண்டி நின்றால் பெடல்கள் அவர் பொறுப்பு, லீவர் பக்கத்து இருக்கையில் இருக்கும் கிளெனிஸ் பொறுப்பு. கார் கிளப்பில் இதைக் கேலி செய்யாத வாய் கிடையாது.

இப்போது கேபிள் இரண்டும் துருவேறி, ஒன்று இழை இழையாகப் பிரிந்திருந்தது. குன்றுப்பாதைக்கு அது உதவாது. புதுக் கேபிள்கள் வரவழைத்தார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி முட்டுக்கொடுத்தார். டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவைச் சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்கி, ஒரு சொடுக்குத் தளர்த்தி, அப்புறம்தான் கேபிளைத் தொட வேண்டும். அவசரக்காரர்கள் கேபிளை மட்டும் முறுக்கி ஒப்பேற்றிவிடுவார்கள். அந்தத் தப்பை அவர் செய்யவில்லை. வேறொன்றைச் செய்தார்.

புதுக் கேபிள் கொஞ்சம் நீளும். லீவரைப் பலமாக இழுத்து இழுத்து விட்டு, அது நீள்கிற மட்டும் நீண்ட பிறகுதான் நட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். அந்த வீட்டில் இழுப்பது கிளெனிஸ், கீழே படுத்து இறுக்குவது டெஸ்மண்ட். இந்த முறை இழுக்க ஆளில்லை. கிளப் நண்பர் டிரெவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் காருக்கு ரெண்டு பேர் வேணும்னு ஊருக்கே தெரியும். நான் வந்து இழுக்கட்டுமா?"

வேண்டாம், ஆயிற்று என்று டெஸ்மண்ட் அனுப்பிவிட்டார். மறுநாள் ஞாயிறு, அவளைக் கூட்டிப்போக வைத்திருந்த நாள். அவருக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளெனிஸ் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவள் வேலியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. வண்டியை நிறுத்தினார்.

அவள் கை லீவருக்குப் போனது. இழுத்தது, கட்டைவிரல் குமிழை அழுத்தியது. டெஸ்மண்ட் பெடலிலிருந்து காலை எடுத்து அவள் பக்கம் திரும்பினார். வண்டி பின்னால் வழுக்கியது. பதறி மிதித்து நிறுத்தினார்.

"லீவர் ரொம்ப மேல வருது," என்றாள் கிளெனிஸ். "புதுக் கேபிளா?"

"ஆமா."

"இழுத்துப் பழக்காமலே இறுக்கியிருக்காங்க. யாரு மாட்டினது?"

"நான்தான்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் இப்படி விடமாட்டார்."

தனக்கு வலிக்கும் என்று டெஸ்மண்ட் எதிர்பார்த்தார். வலிக்கவில்லை. ஆடுகள் போனதும் வண்டியைப் பாதையோரம் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். அவளே ஆரம்பித்துவிட்டாள். உடம்பையே சாய்த்து இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். அவர் புல்லில் படுத்து ஸ்பேனரைப் பிடித்தார். இன்னும் அரைச் சுற்று என்று மேலிருந்து குரல் வந்தது. போதும் என்று வந்தது. அந்த வீட்டுக்காரர் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

இல்லத்து வாசலில் அவள் இறங்க அவர் கை கொடுத்தபோது கிளெனிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் லீவர் இழுத்துக் குடுத்தேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. வேற ஆளுக்குச் செஞ்சா அவர் மனசு சங்கடப்படும்."

"சொல்லமாட்டேன்," என்றார் டெஸ்மண்ட்.