சுவர் இல்லாத வாசல்

என் நாத்தனார் குதிரை லாயத்தில் பிறந்தவள். வசவாகச் சொல்லவில்லை, முகவரியே அதுதான். ராஜா காலத்தில் குதிரை கட்டிய வரிசையைப் பிற்பாடு அறைகளாகத் தடுத்து, அரண்மனை வேலைக்காரர்களுக்கு வீடாகக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நானும் அங்கேதான் வந்தேன். ஜன்னல் கிடையாது. குதிரை மூத்திரம் வடியத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். நாத்தனார் பள்ளிச் சீருடை தைப்பவள். அவள் கையிலிருந்து நழுவும் நூல்கண்டு நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். ஓடிப் பிடிப்பது என் பாடு.

“அரண்மனைத் தரைன்னா அப்படித்தான்” என்பாள், நூலை உதறிக்கொண்டே.

ஊர் ஆற்று வளைவில் ஒரு மேடு. மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் கோட்டைச் சுவர். ராஜா போனதும் தலைநகரமும் வேறு ஊருக்குப் போனது. சுவரை இடித்துக் கல்லை ஆற்றங்கரையில் கொட்டினார்கள். வாசலை மட்டும் அழகாக இருக்கிறதென்று விட்டுவைத்தார்கள். பெரிய மரக்கதவோடு அது நடுத்தெருவில் ஒண்டியாக நிற்கிறது. இரண்டு பக்கமும் லாரி போகிற வெட்டவெளி. காவலாளி காலையில் திறப்பான், பொழுது சாய்ந்தால் பூட்டுவான்.

லாயத்து ஆட்களுக்கு அந்த வாசலை விட்டால் வேறு வழியே தெரியாது. ஒருமுறை என் கணவர் வெளியே சிநேகிதர் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வந்தார். “வாசல் சாத்திட்டாங்க” என்றார், பஸ் போய்விட்டது என்பதுபோல. தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு லாயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பதிலுக்கு மேட்டுக்குக் கீழே அடுக்குமாடி வீடு. குடியிருப்பு நாத்தனார் பெயரில் இருந்ததால், குறித்த நாளில் மதியத்துக்குள் அவளே வாசலுக்கு வெளியே இருக்கிற ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வீடு அடுத்தவருக்கு.

“கோட்டைக்கு வெளியேயா? நம்ம வம்சத்துல எவளும் வெளியே குடியிருந்ததில்ல.”

“கோட்டையே இல்லையே அக்கா.”

“உனக்கு இல்ல. நீ வந்தவ.”

கடைசியில் ஜன்னல்தான் அவளை வளைத்தது. லாயத்து இருட்டில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தினமும் திட்டிக்கொண்டிருந்தாள். சரி, வருகிறேன் என்றாள்.

அன்று அவளை முன்னால் அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். வாசலடியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் அடையாள அட்டை வைத்த பையோடு. கதவுக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்களாம், காயவில்லையாம், திறக்கவில்லையாம். அவளுக்குப் பின்னால் லாயத்துக்காரர்கள் இன்னும் சிலர். பக்கத்தில் மாடு ஒன்று வாசலைச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு வெளியே போனது.

“அக்கா, அந்த மாடு போகுது பாருங்க. அப்படியே போயிடலாம்.”

“மாட்டுக்கு என்னடி தெரியும்? அங்க சுவரு.”

“எங்க சுவரு?”

“சுவரேறிப் போறவ யாரு தெரியுமா? திருடி!”

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மாட்டின் பின்னாலேயே நடந்தேன்.

“அடியே! பையைக் குடுடி! பிடிங்க அவளை!”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்தினாள். துரத்துகிற வேகத்தில் அவளும் சுவரைக் கடந்துவிட்டாள். அது அவளுக்குத் தெரிந்தபோது ஆபீஸ் படியில் நின்றோம். மூச்சு வாங்க, என்னை முறைத்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

இப்போது புது வீட்டில் தரை சமம். நூல்கண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அவள் ஜன்னலடியில் தைக்கிறாள், ஊசியும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் போதும், மேட்டிலிருந்து பார்க்க வந்தவர்களைக் காப்பி குடித்து முடிக்கக்கூட விடுவதில்லை.

“கிளம்புங்க, கிளம்புங்க. வாசல் சாத்திடுவான்.”

அவர்களும் அலறியடித்து எழுந்து ஓடுகிறார்கள்.