மூன்று படி இறங்கிய போதகர்

போன வருடம் மே மாதம். நோர்வேயின் ஒஸ்லோ நகரத்தில், பியோர்ண்டாலில் நான் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு, முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக ஹொல்ம்லியா ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அறைக்காரரின் மனைவியும் பிள்ளைகளும் ஊரிலிருந்து வருகிறார்கள், நான் கிளம்பத்தானே வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. யுத்த இடம்பெயர்வில் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன நாளிலிருந்து எனக்கு இது பழக்கம். கட்டாரில் கொங்கிரீட்டுக்குப் பலகை அடித்திருக்கிறேன். இத்தாலியில் தக்காளி பிடுங்கியிருக்கிறேன். ஒஸ்லோவில் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியிருக்கிறேன். விசா இருந்தது, வேலைதான் இல்லை. அன்றிரவு பஸ் பிடித்து வடக்கே போய், மீன் தொழிற்சாலை ஒன்றில் கேட்டுப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன்.

ஹொல்ம்லியாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைத் தாண்டும்போது முற்றம் முழுக்க ஆட்கள். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட குறுணிக்கல்லைச் சிலர் கூட்டுகிறார்கள், சிலர் சருகு வாருகிறார்கள். நடுவே பச்சை மழைக்கோட்டு போட்ட தமிழ் அக்கா ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், எல்லோரையும் விரட்டிக்கொண்டு நின்றார். மேற்பார்வையாளராக்கும் என்று நினைத்தேன்.

"வேலை இருக்கே அக்கா?" என்று கேட்டேன்.

"வேலைக்கென்ன குறை! புதுசே நீர்? பையை அந்த வாங்கிலை வைச்சிட்டு இந்தத் தும்புத்தடியைப் பிடியும்."

கட்டாரில் இப்படித்தான். முதல் நாள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை எடுப்பார்கள். நான் பெஞ்சில் பையை வைத்தேன், துடைப்பத்தைப் பிடித்தேன். மற்றவர்கள் இரண்டு தரம் கூட்டிவிட்டு ஐந்து நிமிடம் கதைத்தார்கள். நான் தலை நிமிரவில்லை. பிள்ளைகள் விளையாடும் பழைய மணல் பெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். தடித்த நல்ல பலகைகள். எறிவதற்காக ஓரமாக அடுக்கினேன். இந்த வேலை கிடைத்தால் மீனுக்குப் போகத் தேவையில்லை என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து எல்லோரும் வாஃபிள் அப்பமும் சொசேஜும் தின்னத் தொடங்கினார்கள். நான் மட்டும் கையைக் கழுவிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன தம்பி, சாப்பிடேல்லையே?"

"சம்பளம் தந்தால் போயிடுவன் அக்கா. இல்லாட்டி நாளைக்கும் வரவோ?"

அக்கா என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ, நீர் இஞ்சை இருக்கிற ஆள் இல்லையே! இது டுக்னாட் தம்பி, எங்கடை சிரமதானம் மாதிரி. குடியிருக்கிற ஆக்கள் சேர்ந்து செய்யிறது. எனக்கே ஒருத்தரும் சம்பளம் தாறேல்லை, நான் சங்கத் தலைவி!"

இதை அவர் நோர்வேஜிய மொழியில் மற்றவர்களுக்கும் சொல்ல, முற்றமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. ஆனால் எல்லோரையும் விடப் பெரிய சிரிப்பு தலைக்கு மேலிருந்து வந்தது. கீழ்த்தளத்து வீட்டின் பால்கனி அது, முற்றத்தை விட மூன்று படி உயரம். எண்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி.

"அந்த மனுசனை மேலை அனுப்புங்கோ. கீழை நிக்கிற ஆக்களிலை நியாயமான கேள்வி கேட்ட ஆள் அவர் ஒருத்தர்தான்" என்றார் அந்தக் கிழவர், நோர்வேஜிய மொழியில்.

அக்கா என் காதில் சொன்னார்: "போதகர். கம்யூனிஸ்ட் நாட்டிலை மறியலிலை, சிறையிலை இருந்தவர். இஞ்சை வந்து முப்பது வருசத்துக்கு மேலை. ஒரு டுக்னாட்டுக்கும் இறங்கினதில்லை."

வாசலில் மூன்று கல் படிகள். ஏறி உள்ளே போனேன். கோப்பி வந்தது. எனக்கும் நோர்வேஜிய மொழி அரைகுறை, அவர்களுக்கும் உச்சரிப்பு வேறு மாதிரி. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது.

அவருடைய நாடு கிழக்கு ஐரோப்பாவில் இருந்தது. இன்றைக்கு வரைபடத்தில் அந்தப் பெயரில் ஒரு நாடு இல்லை. இளம் வயதில் ஒரு சின்ன நகரத்துப் புரட்டஸ்தாந்து தேவாலயத்துக்குப் போதகராகப் போனார். அங்கே 'சுயவிருப்ப வேலை' என்று ஒன்று வைப்பார்களாம். உருளைக்கிழங்கு கிண்ட வேண்டும், ரோட்டு போட வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனை நேரம் பார்த்துத்தான் வைப்பார்கள். வராதவர்களின் பெயர் கட்சிக்காரர்களிடம் போகும்.

"சுயவிருப்பம் எண்டால் விருப்பமில்லை எண்டும் சொல்லலாம்தானே எண்டு பிரசங்கத்திலை கேட்டன். ஒரு வருசத்துக்கு மேலை உள்ளை இருந்தனான்" என்றார், பஸ் தாமதமானதைச் சொல்வது போல.

வெளியே வந்தபோது பிரசங்கம் செய்யும் அனுமதியை அரசாங்கம் பறித்துவிட்டிருந்தது. ஒரு செத்தவீட்டில்கூட வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது. மாடிக் கட்டடம் ஒன்றில், வீடுகளைச் சூடாக்கும் கொதிகலனுக்குக் கரி போடும் வேலை கொடுத்தார்கள். அவர் கரி போட்டார். கொஞ்ச நாளில் ஆட்கள் வாளியோடு வரத் தொடங்கினார்கள். கேட்டால், பனி வழுக்கலுக்குப் போடச் சாம்பல் வேண்டுமாம். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுவிட்டுச் சாம்பலோடு போவார்கள்.

"கோடையிலும் வந்து சாம்பல் கேட்டினம். அப்பதான் பொலிசுக்குச் சந்தேகம் வந்தது."

"அவர் செய்ததிலை நல்ல பிரசங்கங்கள் அதுகள்தான்" என்றார் மனைவி. "நெருப்புக்குக் கரி போடவேணும் எல்லே, கெதியாய் முடிச்சிடுவார்."

கடைசியில் ஒரு பெட்டியோடு இருவரையும் ரயிலேற்றி, இனித் திரும்பி வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒஸ்லோவுக்கு வந்த முதல் வருடம், சங்கத்திலிருந்து டுக்னாட்டுக்கு வரச் சொல்லி அறிவித்தல் வந்திருக்கிறது. வராதவர்கள் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதோடு அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வருடா வருடம் காசைக் கட்டிவிட்டுப் பால்கனியில் நிற்பார்.

மனைவி அப்படியில்லை. ஒவ்வொரு டுக்னாட்டுக்கும் இறங்கிப் போய் வாஃபிள் சுட்டவர் அவர்தான். அதற்கு முந்தின இலையுதிர்காலத்தில் பக்கவாதம் வந்து ஒரு கால் வராமல் போன பிறகு, ஆஸ்பத்திரி ஆட்கள் தூக்கினால்தான் வெளியே போகலாம். வாசலில் அந்த மூன்று படிகள். சரிவுப்பாதை கேட்டு நகரசபைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம்.

"கருகின மணம் வருது பாரும்" என்றார் அந்த அம்மா என்னிடம். "அவைக்கு மா கரைக்கத் தெரியாது. நான் ஒருக்கால் கீழை போனால் போதும்."

எனக்குக் கை துறுதுறுத்தது. "படிக்கு மேலை பலகை போட்டுச் சரிவு அடிக்கலாம். எறியிற பலகை கீழை கிடக்கு. ஆக்கள் போறதுக்கு முன்னம் செய்யலாம்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. போதகரின் முகம் இறுகியது. "அவையின்ரை வேலைக்கு நான் ஒரு நாளும் போகேல்லை. அவையின்ரை பலகையை எப்பிடிக் கேக்கிறது?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நீர் மறியலிலை இருக்கேக்கை உமது வரிசைக் கிழங்கை ஆர் கிண்டினது?"

பதிலையும் அம்மாவே சொன்னார்.

"நான். எனக்கொரு வரிசை, உமக்கொரு வரிசை. அரசாங்கத்தோடை கோவிச்சீர், சரியான கோவம். நானும் உம்மோடைதான் நிண்டனான். ஆனால் வாஃபிளோடை ஏன் கோவம்?"

"வராட்டி இஞ்சையும் பில் அனுப்பீனம்."

"பில்தானே! பில்லுக்கு ஆர் மறியலுக்குப் போனது?"

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருசன் பெண்சாதி சண்டையில் கோப்பைதான் பார்க்க நல்லது. வெளியே ஆட்கள் மேசையை மடக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சத்தில் எல்லோரும் போய்விடுவார்கள்.

போதகர் பால்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்தார். கூப்பிட வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து வெகு நேரம் எடுத்துக் காலில் சப்பாத்துக் கட்டினார்.

மூன்று படி இறங்கி அவர் முற்றத்தில் கால் வைத்தபோது எல்லோரும் திரும்பினார்கள். மடக்கிய மேசை ஒருவர் கையிலேயே நின்றது.

"ஆராவது கை தட்டினால் திரும்பிப் போயிடுவன்" என்றார் போதகர். "மனுசியை இறக்கவேணும். பலகை வேணும். தருவீங்களோ?"

அக்காதான் முதலில் அசைந்தார். "தம்பி, சுத்தியல் வேணுமே? எடுத்து வையுங்கோ, ஆணியும் கொண்டு வாங்கோ, ஒருத்தரும் வீட்டை போகாதேங்கோ!" தமிழ் எது, நோர்வேஜியம் எது என்று அவருக்கே தெரியாத மாதிரிக் கத்தினார். பூட்டிய சாமான் அறை மறுபடி திறந்தது.

நான் அளந்தேன், வெட்டினேன். போதகர் பலகை பிடித்தார். ஆணி அடிக்க அவருக்கு வராது. இரண்டு ஆணியை வளைத்துவிட்டு, "அரசாங்கம் எனக்குக் கரி தந்தது சரிதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் குந்தியிருந்த நோர்வேக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வெயில் இன்னும் இருந்தது. கட்டாரில் பாலத்துக்கும் மாளிகைக்கும் பலகை அடித்திருக்கிறேன், எவரும் இப்படிக் கோப்பி ஊற்றித் தந்து பக்கத்தில் நின்றதில்லை.

சரிவு முடிந்தது. நான் முன்னால் பின்பக்கமாக நடக்க, போதகர் பின்னால் பிடிக்க, அம்மாவை இறக்கினோம். பாதியில் எனக்கு விளங்கிவிட்டது, சரிவு செங்குத்து. நாற்காலி என்னைத் தள்ளிக்கொண்டு ஓடியது. போதகர் பிடியை விடாமல் பின்னால் இழுபட்டு வந்தார். மூன்று பேரும் புல்லில் போய்த்தான் நின்றோம். அம்மா கீழே விழவில்லை. "இன்னொருக்கால்!" என்றார்.

முதலில் அவரை மா வாளியடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். தொட்டுப் பார்த்து, பால் கேட்டு, கரைத்து, வாஃபிள் இரும்பைச் சூடாக்கி அவரே சுட்டார். முதலாவதை எனக்குத் தந்தார். இரண்டாவதைப் போதகருக்கு. முப்பது வருடமாக மேலே கொண்டுவந்து கொடுத்ததைத்தான் அவர் சாப்பிட்டிருக்கிறார், ஆறிப்போனதாக. சூடாக அன்றுதான் சாப்பிட்டாராம். கேட்காமலே இன்னொன்றுக்குத் தட்டை நீட்டினார்.

"அடுத்த முறை இவரின்ரை பேரையும் எழுதவோ?" என்று அக்கா கேட்டார்.

"எழுதவேண்டாம்" என்றார் அம்மா. "பேர் எழுதினால் வரமாட்டார். சும்மா விடுங்கோ, வருவார்."

என் பஸ் போய்விட்டது. அவர்கள் வீட்டு சோபாவில் படுத்தேன். காலையில் யாரோ வாசலில் உரத்துக் கதைக்கும் சத்தத்தில் எழும்பினேன். குடியிருப்பின் பராமரிப்பாளர் சரிவின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். இவ்வளவு செங்குத்தாய் இருக்கக் கூடாது, கைபிடி இல்லை, ஆர் செய்தது என்று கேட்டார். நான் செய்தேன் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார். "சரிவு பிழை, தச்சு சரி" என்றார். கோடைக்கு ஒரு ஆள் தேவையாம், கம்பனியில் கதைத்துச் சம்பளத்துக்கே எடுப்பாராம், இன்றைக்கே தொடங்கலாமாம். முதல் வேலை இதைக் கழற்றி, நீளமாக, சட்டப்படி, கைபிடியோடு திரும்பக் கட்டுவது. ஓம் என்றேன். நான் முதல் பலகையைக் கழற்றும்போது போதகர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மற்ற முனையைப் பிடிக்க வந்துவிட்டார். ஒரு அரசாங்கத்தையே எதிர்த்து நின்ற மனிதருக்கு அயலவர்களிடம் பலகை கேட்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததால்தானோ என்னவோ, ஓர் இடத்தில் நிலைத்து நிற்கத் தெரியாத நான், அன்று காலை ஏற்றுக்கொண்ட அந்த வேலையை, கோடை முடிந்த பிறகும், இன்னும் விடவில்லை.