மெயின் அடைச்சா போதும்க்கா

எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் தகடு மாட்டியவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. பொந்தியானில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே முதலில் மாட்டியது நாங்கள்தான். வேலை முடிந்த அன்று, "ஏதாச்சும் ரிப்பேர்னா என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டேன். "மெயின் அடைச்சா போதும்க்கா, வீட்டுல ஒரு சொட்டு கரண்ட் இருக்காது" என்றான். இங்கே நாங்கள் கதவையும் அடைப்போம், விளக்கையும் அடைப்போம். அடைத்தால் அடைத்ததுதான் என்று நம்பினோம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் என் கணவர் மெயினை அடைத்துவிட்டு, சமையலறையில் உடைந்துபோன பிளக் பாயிண்டை மாற்றுவதற்காகக் கழற்றினார். கரண்ட் அவரைத் தூக்கி அடித்தது. அடுப்பு மேடையில் மோதி வலது தோள் எலும்பு முறிந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சுவர் ஏறிக் குதிக்காத குறைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய பிறகு அந்தச் சோலார்காரன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். தாமான் ஆட்கள் சிலரும் இருந்தார்கள். "ஐஸ்பெட்டி ஓடுற சத்தம்கூட காதுல விழலையாண்ணே? பாத்து செய்யக்கூடாதா லா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அன்றிலிருந்து தப்பு தன்னுடையதே என்று அந்த மனுஷன் நம்ப ஆரம்பித்துவிட்டார். பல்பு மாற்றக்கூடப் பயந்தார். "எனக்குத்தான் புத்தி இல்லம்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவன் கழுத்தை நெரிக்க என் கை துடித்தது.

வேறொரு வயரிங்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிக் கரண்ட் நின்றதும் சோலாரோடு மாட்டிய பேட்டரி தானாகவே சமையலறைக்குக் கரண்ட் கொடுக்கும் என்றார். மெயினோடு இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும்; பேட்டரிக்கும் கூரைக் கம்பிக்கும் இருக்கிற தனி சுவிட்சுகளையும் அடைக்க வேண்டும். அப்புறமும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாதாம். வெயில் இருக்கிறவரை கூரைத் தகட்டிலிருந்து இறங்கும் கம்பியில் கரண்ட் இருக்கத்தான் செய்யுமாம். "மாட்டுனவருக்கு இது தெரியாம இருக்காதுங்க" என்றார் கடைசியில்.

நான் சண்டைக்குப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருநாள் அவனே போன் செய்தான். "அக்கா, ஒங்க தாமான்ல கொஞ்சம் பேரு சோலார் கேக்கறாங்க. ஒங்க வீட்டக் காட்டலாமா?"

"தாராளமா வாங்க தம்பி" என்றேன். என் குரலில் தேன் ஒழுகியது.

அவர்கள் வருகிற காலையில் வயரிங்காரரை வரவழைத்து எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னேன். அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்து, அந்தப் பிளக் பாயிண்டின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அவனிடம் நான் இதைச் சொல்லவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன்.

"மெயின் அடைச்சாச்சு தம்பி. அந்தக் கம்பியத் தொட்டுக் காட்டுங்க, இவங்களுக்கும் நம்பிக்கை வரட்டும்."

"விளையாடாதீங்கக்கா" என்று சிரித்தான்.

"தொடுங்க."

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். "என்னா தம்பி, தொட வேண்டியதுதானே?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவன் நெற்றி வேர்த்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"அலமாக், மெயின் மட்டும் அடைச்சா எப்படிக்கா? பேட்டரிய அடைக்கணும்ல!" என்று கத்திவிட்டான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்றிருந்த என் கணவர் முன்னே வந்தார். பூனையைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற மனுஷன் அவர். அவன் முகத்துக்கு நேரே நின்று கேட்டார்.

"அப்ப ஒனக்கு அன்னைக்கே தெரியும், இல்லடா?"