மொய்ஸ்ட் சுவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் தம்புசாமி அங்கிள் தனியாக இருக்கிறார். முப்பது வருஷம் ரயில்வேயில் உழைத்தவர். மனைவி தவறி ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் லோகேஸ்வரி, பெட்டாலிங் ஜெயாவில் ஆங்கில டீச்சர். எல்ஆர்டி ரயில் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் தீபாவளிக்குத்தான் தலையைக் காட்டுவாள்.

மேல்வீட்டுக் குழாய் கசிந்து, அங்கிளின் கட்டிலோரச் சுவர் ஊறிப்போயிருந்தது. தலையணையில்கூடப் பூஞ்சை வாடை. ஃபிளாட் வாட்சப் குரூப்பில் ஆங்கிலத்திலேயே புகார் எழுதினார்: "மை பெட்ரூம் வால் இஸ் வெரி மொய்ஸ்ட்." கேக் டப்பாவில் பார்த்த வார்த்தை. ஈரம் என்றால் எல்லாம் ஈரம்தானே என்று நினைத்திருக்கிறார்.

அவ்வளவுதான். "எனக்கு ஒரு துண்டு அங்கிள்!" என்றார் ஒருவர். "டேம்ப்னு சொல்லணும் அங்கிள்" என்றார் இன்னொருவர். கேக் படங்களாக வந்து குவிந்தன. நானும் ஒன்று போட்டேன், புத்தி எங்கே போனதோ. சுவரைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. மறுநாள் மனசு உறுத்தியது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு போய்க் கதவைத் தட்டினேன்.

அவருக்குக் கோபமே இல்லை. "என்ன தப்புன்னுதான் புரியல லா. மகளுக்கு வாய்ஸ் அனுப்பிக் கேட்டிருக்கேன். கூப்பிட்டா, அப்படியே வந்து சுவரைப் பாக்கச் சொல்லணும்" என்றார். மகளோடு பேச ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, அஞ்சு நிமிஷம்தான், கிளாஸ் இருக்கு. மொய்ஸ்ட்னா இருக்க வேண்டிய ஈரம். கேக்குல, செடி மண்ணுல இருக்குமே, அது. டேம்ப்னா இருக்கக்கூடாத ஈரம். சுவரு, காயாத துணி. ஏன்ப்பா, வீட்டுல டேம்ப்பா?"

அங்கிள் சுவரைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.

"இல்லமா. கீழ்வீட்டுல."

"ஐயோ, வயசானவரா? நெஞ்சுக்கு ஆகாதுப்பா. பிள்ளைங்க இல்லையா?"

"இருக்கு மா. பக்கத்துலதான் இருக்கு. வேலை ஜாஸ்தி போல."

"என்ன பிள்ளைங்கப்பா அதுங்க" என்றாள் லோகேஸ்வரி.